மரமா, வளையமா?

கேபிள்கள் வட்டமாகச் சேர்ந்துவிட்டால், தகவல் சுற்றிச் சுற்றியே எங்கள் விஸ்கான்சின் காகித ஆலையின் நெட்வொர்க்கைச் சாய்த்துவிடும். அதைத் தடுக்கும் மென்பொருள்கள் இரண்டு: பொறியாளர் டுவைட்டின் மர முறை, பொறியாளர் மார்லீனின் வளைய முறை. எது நல்லது? இதற்காகக் கூட்டம் போட்டுப் போட்டே மேனேஜர் லைல் ஓய்ந்துபோனார்.

“உன் மரத்தைப் போன மாசமே அணைச்சுட்டேன், டுவைட். ஆலை நின்னுச்சா? எல்லாம் என் வளையம்!” என்றாள் மார்லீன்.

“உன் வளையமா? அதை நான் அப்பவே அணைச்சுட்டேனே!”

இருவர் முகமும் வெளுத்தது. “அப்ப இத்தனை நாள் எப்படி ஓடுச்சு?”

லைல் கொட்டாவி விட்டார். “வட்டத்தை மூடுற அந்த நீலக் கேபிள் கால்ல தடுக்கிக்கிட்டே இருந்துச்சு. எப்பவோ பிடுங்கிட்டேன். இப்ப செருகட்டுமா?”

“வேணாம்!”

அவர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.