ஆட்டுக்கு ஆடு

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், புலிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கப்பலேறி வந்தாள் ஒரு மதாம்மா. பூதப்பாண்டியைத் தாண்டி மலையடிவாரத்து ஊரில் தங்கினாள். புலி பிடித்த ஆட்டுக்குப் பதில் ஆடு தருவாள். விஷம் வைத்தவனைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பாள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் புலி ஆடு பிடிக்காத நாளே இல்லை.

"பூங்கனியக்கா, நீயும் போயி அழு, ஒண்ணு தருவா" என்றான் பக்கத்து வீட்டு ராஜையன், புது ஆட்டை இழுத்துக்கொண்டே.

"புலி பிடிக்கதுக்கு ஒனக்கு எப்பம்லே ஆடு இருந்து?"

"மதாம்மா வந்து எண்ணியா பாத்தா?"

பூங்கனி காறித் துப்பினாள். அவள் புருஷனையே புலி அடித்திருந்தது. மனுஷனுக்குப் பதில் என்ன என்று மதாம்மாவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தன் நாட்டுக்குத் திரும்பும் முன் மதாம்மாவே ஒரு கொழுத்த ஆட்டோடு பூங்கனியின் வீட்டுக்கு வந்தாள்.

"நீ ஒருத்திதான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புலியின் மேல் உனக்குக் கோபம் இல்லையா?"

"இப்பம் இல்ல மதாம்மா."

மதாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை ஆடு தின்கின்றனவே, புலிகள் நன்றாகப் பெருகியிருக்கின்றன. உன்னைப் போன்றவர்களின் நல்ல மனதுதான் காரணம்" என்று கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பூங்கனி ஆட்டைப் புறவாசலில் முளையடித்துக் கட்டினாள். அந்த முளைக்கு அடியில்தான் புலி கிடந்தது. மதாம்மா வருவதற்கு முந்தின வருஷம், புருஷனை அடக்கம் பண்ணிய கையோடு அவள் வைத்த விஷக்கறியைத் தின்று செத்த புலி. அதற்குப் பிறகு அந்த மலையில் வேறு புலியை யாரும் கண்டதில்லை.

அன்று குழி தோண்டிக் கொடுத்தவன் ராஜையன்.