கொள்ளைக்காரனின் குரல்

மகள் தன் காதலனை முதன்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, டிவியில் ஹாலிவுட்டின் பழைய கடற்கொள்ளையர் படம் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது.

“வாள்சண்டை பிரமாதம் தம்பி,” என்றார் அப்பா. “ஆனா கப்பல் தண்ணித்தொட்டியில மிதக்குது. ஹீரோ வாயைத் திறந்தா எனக்குக் கொட்டாவி வருது. அவன் தோள்ல உட்கார்ந்திருக்கிற கிளி ஒண்ணுதான் உருப்படியா பேசுது.”

வந்தவன் நெளிந்தான்.

மகள் அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள். “இந்தப் படத்துக்குத் தமிழ்ல இவரும் குரல் கொடுத்திருக்காருப்பா.”

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் தம்பி. ஹீரோவுக்கு என்ன ஒரு கம்பீரமான குரல். அந்தக் கிளிதான் கழுத்தை நெரிச்ச மாதிரி கத்தி உயிரை வாங்குது.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“உயிரை வாங்குது, உயிரை வாங்குது,” என்றான் காதலன், டிவியில் கேட்ட அதே கிளியின் குரலில்.