எக்ஸ்ரே

"என்ர ஃபைலை கிளறன்ஸ் திறந்து பாத்தவர், சேர். திங்கட்கிழமை என்ர கண்ணால கண்டனான்."

சொல்லி முடித்ததும் யோகநாதனுக்குக் கூசியது. நான்கு வருடமாக ஒரே மேசையில் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ணும் சிநேகிதன் மேல் கோள் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த மருத்துவக் காப்புறுதிக் கம்பனியில் ஊழியர்களின் வைத்தியக் கோப்புகளுக்கும் ஓர் அலுமாரி இருந்தது. கம்பனி டொக்டரைத் தவிர எவரும் அவற்றைப் பிரிக்கக் கூடாது. சாவி மட்டும் கிளறன்ஸிடம்.

போன மாதம் வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து விழுந்த யோகநாதனுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால், தொடையில் பழைய ஷெல் துண்டொன்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது பட்டது. கொழும்பில் அதை யார் நம்புவார்கள்? யாழ்ப்பாணத்து இளந்தாரியின் உடம்பில் இரும்பு இருந்தால் போராளி இயக்கம் என்றுதான் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்.

மனேஜர் நாகேந்திரம் கிளறன்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார். திறந்தது உண்மை என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

"ஏன் திறந்தனீர்?"

கிளறன்ஸ் யோகநாதனை ஒருமுறை பார்த்தான். "சும்மா பாத்தனான், சேர்."

அந்த ஒரு பதிலோடு வேலை போயிற்று. சாவியை மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். யோகநாதன் தலை நிமிரவில்லை.

ஏதும் குறைகிறதா பார்க்கும்படி மனேஜர் கோப்பை அவன் பக்கம் தள்ளினார். யோகநாதன் புரட்டினான். மருந்துக் கடைப் பில் இருந்தது. எக்ஸ்ரேயும் இல்லை, டொக்டரின் அறிக்கையும் இல்லை. படுபாவி, கையோடு கொண்டுபோய்விட்டானா?

மனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தரிட்டையும் கதைக்காதையும். செவ்வாய்க்கிழமை எல்லாரும் வீட்டை போன பிறகு பொலிஸ் வந்து வடக்கு ஆக்களின்ர ஃபைல் முழுக்கப் பிரிச்சுப் பாத்திட்டுப் போனவங்கள். உம்மட ஃபைலில ஒண்டும் இல்லையெண்டு விட்டிட்டாங்கள். அவங்கள் வரப்போறதாத் திங்கட்கிழமை ஃபோன் வந்தது. அதை எடுத்து எனக்குச் சொன்னதே கிளறன்ஸ்தான்."

யோகநாதனின் கை பக்கத்தின் மேல் அப்படியே நின்றது.

"என்ன, எல்லாம் இருக்கோ?"

உண்மையைச் சொன்னால் கிளறன்ஸைத் திரும்பக் கூப்பிட்டு, எக்ஸ்ரே எங்கே என்று விசாரிப்பார்கள்.

"எல்லாம் இருக்கு, சேர்" என்று சொல்லி, யோகநாதன் கையெழுத்து வைத்தான்.