தாத்தா வாசித்த மெட்டு

அயர்லாந்தின் கடலோரத்தில் ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு ஒரே ஒரு பப்பாம். அந்தப் பப்பில் கை வைத்த நாற்காலியும் ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு மத்தியானங்களில் அதில் பின்பாரைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள்.

பின்பாருக்குப் பிடில். கோல்மனுக்குப் பாஞ்சோ. ப்ரீடாவுக்கு அக்கார்டியன். ஒருத்தர் ஒரு மெட்டை ஆரம்பித்தால் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு பீர் குடிப்பார்கள்.

போன மாதம் நூலா புல்லாங்குழலில் ஒரு மெட்டு வாசித்தாள். முடிகிறவரை எல்லார் கையிலும் பீர்தான்.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார் கோல்மன்.

"நானே போட்டதுங்க. எங்கப்பாவுக்காக. 'படகுக்கார மார்ட்டின்'னு பேரு."

மார்ட்டினைப் புதைத்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"தங்கமான மனுஷன்," என்றாள் ப்ரீடா. "ஆனா மெட்டுல இன்னும் பெயின்ட் வாசனை அடிக்குதே கண்ணு."

"காயட்டும். நூறு வருஷம் கழிச்சு எடுத்துட்டு வா, சேர்ந்து வாசிப்போம்," என்றார் கோல்மன்.

பின்பார் ஜன்னல் பக்கம் திரும்பி, சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மூன்று வாரம் நூலா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது ஞாயிறு வந்து இன்னும் உட்காரக்கூட இல்லை, பின்பார் பிடில் வில்லைக் கையில் எடுத்தார்.

அதே மெட்டு. அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்கூட அப்படியே நிறுத்தி வாசித்தார்.

"இது என்னங்க, புதுசா இருக்கு?" என்றார் கோல்மன்.

"புதுசா? எங்க தாத்தா வாசிச்சதுய்யா. 'படகுக்கார மார்ட்டின்'. இவ அப்பனுக்கு முப்பாட்டன் யாரோ ஒருத்தன் பேருல போட்டது."

கோல்மன் பீரைக் கீழே வைத்தார். "அதானே பார்த்தேன். எங்க அத்தை பால் கறக்கிறப்ப இதைத்தான் முணுமுணுக்கும்."

ப்ரீடா கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டாவது பாகத்துல பஞ்ச காலத்து அழுகை கேக்குதே. இப்ப யாரு இப்படிப் போடறாங்க?"

"இது நான் போன மாசம் வாசிச்ச..." என்று ஆரம்பித்தாள் நூலா.

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் கோல்மன். "எங்கேயோ கேட்டதை நாமளே போட்டதா நெனச்சுக்கிறது சின்ன வயசுல சகஜம்தான். ஆனா நீ அங்கங்க மாத்தி வேற கெடுத்து வெச்சிருந்தே. பின்பாரைப் பார்த்துக் கத்துக்கம்மா."

அப்புறம் அந்த மெட்டே மூன்று சுற்று. பாஞ்சோ, அக்கார்டியன், மூலையில் இருந்தவர்களின் கைத்தட்டல் எல்லாம் சேர்ந்துகொண்டது. நூலாவின் குழல் மட்டும் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

கலைகிற நேரத்தில், வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த பின்பாரை அவள் மறித்தாள்.

"எங்கப்பாவுக்குன்னு என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் உங்க தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களே, இது நியாயமா? அவர் எந்த வருஷம் வாசிச்சார்? சொல்லுங்க."

"எங்க தாத்தாவா? அந்த ஆளுக்குப் பிடில் சத்தமே ஆகாது. பக்கத்து வீட்டுல வாசிச்சா எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வருவார்."

நூலா அவரையே பார்த்தாள்.

"போன மாசம் உங்கூட எத்தனை பேர் வாசிச்சாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"இன்னிக்கு?"

உள்ளே ப்ரீடா அந்த மெட்டை இன்னொரு தடவை ஆரம்பித்திருந்தாள்.

"இந்தக் கூட்டத்துக்கு ஒரு மெட்டு பிடிக்கணும்னா யாராவது செத்து ரொம்ப நாள் ஆகியிருக்கணும், நூலா. உங்கப்பா போய் நாலு மாசம்தானே ஆச்சு, அது பத்தலை. அதான் எங்க தாத்தாவையும் சேர்த்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, பிடில் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நடந்துபோனார் பின்பார்.