கழித்தல் குறி

நாகர்கோவிலில் பெனிட்டாவோடு படித்த எல்லோரும் இயற்பியலை ஒரே மதியத்தில் கருவி வைத்து நேராகத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அவள் அம்மா செல்வராணி மட்டும், "எம்பிள்ள தலையில எவனும் கைவைக்கப்பிடாது" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். மகளின் வாழ்க்கையைத் தாயே கெடுத்துவிட்டாள் என்று தெருவே பேசியது. பெனிட்டா புத்தகங்களோடு மல்லுக்கட்டித்தான் துகள் இயற்பியல் ஆய்வுப் படிப்புக்குத் தயாரானாள்.

நேர்காணல் வீட்டுச் சுவர்த்திரையில் நடந்தது. பேராசிரியை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெனிட்டா போட்ட கணக்கு உளறியது. துகளின் நிறையை வர்க்கப்படுத்தினால் எதிர்மறை எண் வந்தது. அடுக்களை வாசலில் நின்ற அம்மாவுக்குக் கணக்கு புரியவில்லை. மகளின் முகம் புரிந்தது.

பெனிட்டா மேலிருந்து வரிவரியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு புத்தகத்துல காலத்துக்குக் கூட்டல் குறி, இன்னொண்ணுல கழித்தல் குறி. பாதியில மாத்திப் போட்டுட்டேன், மேடம்."

பேராசிரியை சிரித்துவிட்டார். "படிக்கிறப்ப நானும் இதே தப்பைப் பண்ணியிருக்கேன். நீங்க ஏத்திக்கலையா?"

"இல்ல, மேடம்."

"ஏத்திக்கிட்டவங்க தப்பே பண்றதில்ல. ஆனா இதுவரைக்கும் யாரும் போடாத கணக்கைக் கொடுத்தா அப்படியே உட்கார்ந்துடறாங்க. தடுமாறிட்டுத் தானே எழுந்து வர்ற ஆளுதான் எங்களுக்கு வேணும். அடுத்த மாசம் வந்து சேருங்க."

சுவர்த்திரை அணைந்தது. பெனிட்டா ஓடிவந்து கட்டிக்கொண்டபோதும் அம்மா கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"அப்பம் நான் செய்தது தப்பில்லல்லா, மக்ளே?"