சான்றிதழ் இன்னும் வரவில்லை

ஓய்வுபெற்ற தபால்காரர் தொங்கிப்போன முகத்தோடு வீடு திரும்பினார்.

"இன்னிக்கும் கிடைக்கலையா?" என்றாள் மனைவி.

"எங்க! சீல் போடற அதிகாரிக்கு மணிக்கட்டு சுளுக்காம். போன வாரம் சீலே காணோம். அதுக்கு முந்தி கூரை ஒழுகி, நம்ம கல்யாணம் நடந்த வருஷம் மட்டும் நனைஞ்சுபோச்சாம்."

வெளிநாட்டில் இருக்கும் மகன் இருவரையும் நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தான். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள்தான் பாக்கி. போனில் தினமும் பிடுங்கியெடுத்தான்.

மறுநாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

"வயசான மனுஷனை இப்படி நாயா அலைய விடறீங்களே, நியாயமா?" என்று குமாஸ்தாவிடம் பொரிந்தாள்.

குமாஸ்தா அலுப்போடு அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"எல்லாம் எப்பவோ ரெடிம்மா. ஐயாதான், 'இங்கயே இருக்கட்டும்'னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். வீட்டை விட்டுப் போக மனசில்லையாம். உங்களுக்குப் பிள்ளைகிட்ட போகணும்னு கொள்ளை ஆசையாமே, அதான் வாய்விட்டுச் சொல்லலையாம்."

"எனக்கா? அவருக்குத்தான் ஆசைன்னு இல்ல நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

உறையைக் குமாஸ்தாவிடமே திருப்பித் தள்ளினாள். "உள்ளே வைங்க தம்பி. பாவம், தனியாப் பொய் சொல்லிச் சொல்லி மனுஷன் இளைச்சே போயிட்டார்."

சாயங்காலம் போன் வந்தது. அவளே எடுத்தாள்.

"நானே நேர்ல போய்ப் பார்த்துட்டேன்டா கண்ணு. குமாஸ்தா அலமாரிச் சாவியை முழுங்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கறார்…"

தபால்காரர் வாய் பிளந்து அவளைப் பார்த்தார். பிறகு, தன் வேலையை ஏற்றுக்கொள்ள அடுத்த ஆள் வந்துவிட்டதைப் போல, காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.