சேற்றரக்கனை எது கொல்லும்?

“அது எதுக்குச் சாகும்னு சொல்லிடுங்க, டங்கன்.”

மேசையைச் சுற்றி மூன்று வாய்கள் மெல்வதை நிறுத்தின. சாசேஜ் ரோலைச் சாஸில் முக்கிக்கொண்டிருந்த இமோஜனின் கை அப்படியே நின்றது.

ஷெல்பி இந்த ஆட்டக் குழுவில் சேர்ந்த முதல் நாளே ரூபர்ட் சொல்லியிருந்தான்: “என்ன வேணா கேளு. ஆனா அரக்கனைப் பத்திப் புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு மட்டும் ஆட்டத்தை நடத்துறவர்கிட்ட கேட்டுடாதே.” பதினான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தவள், இன்று, ஆஸ்திரேலியாவின் பல்லராட் ஊர் நூலகத்தின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கேட்டுவிட்டாள்.

வேறு வழியில்லை. பகடையும் பேச்சுமாக நடக்கும் அந்த ஆட்டத்தில் ரூபர்ட்டின் வாள்வீரன் சேற்றில் கிடந்தான். இமோஜனின் வில்லாளி அவன் மேல் கிடந்தாள். வெட்ட வெட்டக் காயம் மூடிக்கொள்ளும் சேற்றரக்கன் முன்னால் மிச்சம் நின்றது ஷெல்பியின் பிரென்னா மட்டும்தான். கையில் ஒரு தீப்பந்தம், உயிரில் மூன்று புள்ளி. அவளும் விழுந்தால் பதினான்கு மாதக் கதை அத்தோடு சரி.

“சொல்ல மாட்டேம்மா. நீதான் கண்டுபிடிக்கணும்,” என்றார் டங்கன், தன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து. ஆட்டத்தை நடத்துபவர். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார்.

“ஒரு வார்த்தை. உங்க வாயால சொல்லிட்டாப் போதும், நான் செஞ்சு முடிச்சுடறேன். பிரென்னா மடத்துல பதினாறு வருஷம் படிச்சவ. அவளுக்குத் தெரியாதா?”

“அதுக்குத்தான் பகடை போட்டோமே. ஒண்ணு விழுந்துச்சு. அந்தப் பாடம் நடந்த அன்னிக்கு அவ லீவு.”

ஷெல்பி திரும்பினாள். “ரூபர்ட், உனக்குத் தெரியும்தானே?”

“எனக்குத் தெரியும். என் வீரனுக்குத் தெரியாது. அவனுக்குக் கையெழுத்தே போட வராது.”

“அவன் செத்துக்கிட்டிருக்கான்டா!”

“நாகரிகமாச் சாகுறான்.”

“எனக்கும்தான் தெரியும். அதுக்காகச் சொல்லிட முடியுமா?” என்றாள் இமோஜன், கூரையைப் பார்த்துக்கொண்டே.

ஷெல்பிக்குச் சுருக்கென்று ஏறியது. குடும்பத்தின் முதல் பட்டதாரி; பட்டத்தோடு கோபத்தையும் சேர்த்தே வாங்கி வந்தவள். காலடியில் கிடந்த கனத்த பையை நாற்காலிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு எழுந்தாள்.

“நீங்க எல்லாருமே இப்படித்தான். ரூபர்ட், உங்கப்பா உனக்கு ஒன்பது வயசுல இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாரு. எங்கப்பா மாடு அறுக்கிற இடத்துல வேலை பார்த்துட்டு வந்து டிவி முன்னாடி தூங்கிடுவாரு. யூனிவர்சிட்டில லெக்சரர் கதவுல ‘செவ்வாய் ரெண்டு முதல் நாலு வரை’ன்னு எழுதியிருந்துச்சு. அப்போ போய்ச் சந்தேகம் கேக்கலாம்னு எல்லாருக்கும் தெரியும். நான் அந்த நேரத்துல அவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நெனச்சு ஒரு வருஷம் அந்த வராந்தாப் பக்கமே போகல! தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிட்டு உக்கார்ந்திருக்கிறதுக்குப் பேரு நாகரிகமில்ல. திருட்டுத்தனம்!”

கடைசிச் சொல்லில் அவள் குரல் கொஞ்சம் பிசிறியது.

டங்கன் கண்ணாடியைக் கழற்றினார். “உண்மையைச் சொல்லிடறேன். இருபத்திரெண்டு வருஷமா ஆடறோம். அந்தப் புத்தகம் எங்க எல்லாருக்கும் மனப்பாடம். எது வந்தாலும் எதுக்குச் சாகும்னு தெரியும். தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சும்மா. நாங்க நிஜமாப் பயந்து பத்து வருஷமாச்சு. அதான் நூலகத்துல நோட்டீஸ் ஒட்டினோம்.”

“‘முன்னனுபவம் தேவையில்லை’ன்னு போட்டிருந்தீங்க.”

“அது பெருந்தன்மை இல்ல. அனுபவம் இருக்கவே கூடாதுன்னுதான்.”

“அப்போ, ஒண்ணும் தெரியாதவங்கிறதுக்காகவா என்னைச் சேர்த்தீங்க?”

“அதுக்காகத்தான். நீ ஒரு கதவைத் திறக்கப் பயப்பட்டா எங்களுக்கும் பயமா இருக்கு. நீயா ஒண்ணைக் கண்டுபிடிக்கிறதைப் பார்க்கத்தான் நாங்க ஞாயித்துக்கிழமை வர்றதே.”

முடிவெடுக்க ஷெல்பிக்கு ஒரு நொடி போதும். குனிந்து பையை எடுத்தாள்.

“பிரென்னா தீப்பந்தத்தை அது மூஞ்சில விட்டெறியறா. எறிஞ்சுட்டுப் போறா. நானும் போறேன்.”

டங்கன் பகடையை உருட்டினார். “காயம்... மூடல. எரியுது!”

ரூபர்ட் நாற்காலி சாயத் துள்ளி எழுந்தான். “கண்டுபிடிச்சுட்டா! யாரும் சொல்லாம, கோவத்துல, தானாவே!”

இமோஜன் சாஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டங்கன் கைதட்டிக்கொண்டே கதவுவரை ஓடிவந்தார். “ஷெல்பி, அடுத்த ஞாயிறு வருவேல்ல? குகைக்குள்ள இன்னொண்ணு இருக்கு. அது எதுக்குச் சாகும்னு உனக்குத் தெரியவே தெரியாது!”

“இனிமே வரமாட்டேன்.”

“நான் சொன்னது மனசைப் புண்படுத்திடுச்சா?”

ஷெல்பி ஜூன் மாதக் குளிரில் இறங்கி நடந்தாள். பை தோளை அறுத்தது. பாடத்தைப் படிக்காமல் எந்த வகுப்புக்கும் போய்ப் பழக்கமில்லாதவள், சேர்ந்த முதல் வாரமே வாங்கி, மூன்று நிறப் பேனாவில் கோடிட்டு, இரண்டு தடவை படித்து முடித்துவிட்ட அதே முந்நூற்றைம்பது பக்க அரக்கர் புத்தகம் கனக்காமல் என்ன செய்யும்?